உறைநிலம் இளகும்போது வடபுலத்து ஊர்களுக்கு என்ன நேர்கிறது?

சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் வட கனடாவிலும் நிலமே உருகுகிறது என்கிறார்களே, மண்ணும் கல்லும் எப்படி உருகும், உருகினால் அங்குள்ள வீடுகளும் சாலைகளும் என்ன ஆகும், ஆழமாக பைல், அதாவது நிலத்துக்குள் இறக்கும் நீண்ட தூண், போட்டுக் கட்டினால் தப்பிக்க முடியாதா என்பது கேள்வி. முதல் பகுதிக்கான விடை தெளிவாகிவிட்டால் மற்ற இரண்டும் எளிதில் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உருகுவது மண் அல்ல, மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்காவது பூஜ்யம் டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தைத்தான் உறைநிலம், அதாவது பெர்மாஃப்ராஸ்ட் என்று நிலவியலார் குறிப்பிடுகிறார்கள். இந்த வரையறை வெப்பநிலையை மட்டுமே பேசுகிறது. பனிக்கட்டி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. வெடிப்பில்லாத கெட்டிப் பாறையும் உறைநிலமாக இருக்கலாம். அது சூடேறினால் மேலே நிற்கும் கட்டடத்துக்குப் பெரிதாக ஒன்றும் நேராது. ஆனால் வண்டலும் களிமண்ணும் கலந்த ஆற்றுப் படுகைகளிலும் கடலோரச் சமவெளிகளிலும் நிலைமை வேறு. கடுங்குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் உருகிய நீர் அந்த வெடிப்புக்குள் இறங்கி உறைகிறது. அடுத்த குளிர்காலத்தில் அதே இடம் மீண்டும் வெடிக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்ததில், மேலே அகன்றும் கீழே குறுகியும் ஆப்பு வடிவில் பல மீட்டர் ஆழத்துக்குப் பனிக்கட்டி வளர்ந்து நிற்கிறது. கிழக்குச் சைபீரியாவில் யெடோமா என்று அழைக்கப்படும் நிலத்தில் பருமனளவில் பாதிக்கு மேல் வெறும் பனிக்கட்டியாகவே இருக்கும் இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட நிலம் இளகினால் அது சேறாவதோடு நிற்பதில்லை. பனிக்கட்டி பிடித்துவைத்திருந்த இடம் இல்லாமல் போய் நிலம் அமிழ்கிறது. அதுவும் சீராக அமிழ்வதில்லை. ஆப்பு இருந்த கோட்டில் பள்ளமும், அதற்கு இடைப்பட்ட பகுதியில் மேடுமாக நிலம் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு வீட்டின் ஒரு மூலை நிலைத்து நிற்க, எதிர்மூலை ஒரு மீட்டர் இறங்கினால் அந்த வீடு என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஓர் ஊரின் விதியைத் தீர்மானிப்பது அங்கே எவ்வளவு குளிர் என்பதைவிட, அதன் அடியில் எவ்வளவு பனிக்கட்டி புதைந்திருக்கிறது என்பதும், அந்த இடத்தைத் தேர்ந்தவர்களும் கட்டியவர்களும் பராமரித்தவர்களும் அதை எப்படிக் கையாண்டார்கள் என்பதும்தான். காலநிலை மாற்றம் எல்லா இடங்களையும் தாக்குகிறது; ஆனால் சேதம் எங்கே, யார்மீது விழுகிறது என்பதில் மனிதர்கள் எடுத்த முடிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், உறைநிலம் பற்றிய செய்திகளில் இந்தப் பாதி பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

உறைநிலத்தின் மேற்பரப்பு கோடையில் இளகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறையும். முப்பது சென்டிமீட்டர் முதல் இரண்டு மீட்டருக்கும் மேல் வரை இடத்துக்கு இடம் மாறும் இந்த மேலடுக்கில்தான் செடிகள் வேரூன்றுகின்றன. அதன் மேல் படர்ந்திருக்கும் பாசியும் மட்கிய இலைச்சருகும் கோடை வெப்பத்தைக் கீழே விடாமல் தடுக்கின்றன. நம் ஊரில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்துவைத்த அதே முறைதான். அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூட உயராமலேயே நிலம் இளகத் தொடங்கிவிடும். 1942-இல் போர்க்கால அவசரத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலையை அமைத்த அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் இதை அனுபவத்தில் கற்றார்கள். வழக்கம்போல புல்டோசரால் பாசியையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்துச் சாலை போட முயன்றபோது, கெட்டியாக இருந்த தரை சில நாட்களிலேயே சேற்றுக் குழம்பாகி வண்டிகளை விழுங்கியது. பிறகு பாசியைக் கலைக்காமல், அதன் மேலேயே மரக்கட்டைகளை அடுக்கி, சரளையைக் கொட்டிச் சாலை எழுப்பினார்கள். இன்றுவரை வடபுலத்துச் சாலைக்கு அடிப்படை விதி அதுதான்: வெட்டாதே, மேலே கொட்டு. 2017 நவம்பரில் திறக்கப்பட்ட கனடாவின் இனுவிக்–டுக்டோயாக்டுக் நெடுஞ்சாலையும் அந்த விதிப்படியே, குளிர்காலத்தில் நிலம் உறைந்திருக்கும்போது துணிவிரிப்பின் மேல் சரளை கொட்டி அமைக்கப்பட்டது.

ரஷ்யாவின் கிழக்குச் சைபீரியாவில் உள்ள சாக்கா குடியரசின் படகாய் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கும் பெரும் பள்ளம் இதற்கு எதிர்மறைச் சான்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அங்கே காட்டின் ஒரு துண்டு அழிக்கப்பட்டது. நிழலும் பாசியும் போன இடத்தில் நிலம் இளகி ஓர் ஓடை அரித்தது. அரிப்பு பனிக்கட்டியை வெயிலுக்குக் காட்டியது. வெயில் மேலும் உருக்கியது. இன்று அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கு, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை தொடங்கிய பிறகு இதை நிறுத்தும் வழி எவரிடமும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேல் இப்போது வெப்பநிலை உயர்வு வந்து சேர்ந்திருக்கிறது. 1979-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருப்பதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்று மட்டும் அல்ல, நிலமும் சூடேறுகிறது: உலகெங்கும் உறைநிலத்தில் துளையிட்டு அளந்ததில் 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டுகளில் சராசரியாக 0.29 டிகிரி உயர்வு பதிவானது. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் மைனஸ் ஒரு டிகிரியில் நிற்கும் நிலத்துக்கு இது சிறிய எண் அல்ல. இதோடு காட்டுத்தீயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீ பாசிப் போர்வையை எரித்துவிடுவதால், அணைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த இடத்தில் நிலம் ஆழமாக இளகிக்கொண்டே போகிறது.

இனி பைல் பற்றிய கேள்வி. அது சரியான கேள்விதான். அந்த வழியைத்தான் சோவியத் பொறியாளர்கள் தேர்ந்தார்கள். சாக்கா குடியரசின் தலைநகரமான யாகூட்ஸ்க் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரம். அதன் அடியில் உறைநிலம் சில நூறு மீட்டர் ஆழம் வரை செல்கிறது. 1830-களில் ஃபியோதர் ஷெர்கின் என்ற வணிகர் அங்கே கிணறு வெட்டித் தண்ணீர் எடுக்க நினைத்து 116 மீட்டர் வரை தோண்டியும் உறைந்த மண்ணைத் தாண்ட முடியவில்லை. அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. ஆக, பாறை வரை பைல் இறக்கி நிறுத்துவது என்பது இத்தகைய நகரங்களின் பெரும்பாலான இடங்களில் நடைமுறைக்கு ஒவ்வாதது. அவர்கள் செய்தது வேறு. உறைந்த மண்ணில் துளையிட்டு கான்கிரீட் பைலை இறக்கி, சுற்றிலும் சேற்றுக் குழம்பை ஊற்றி உறையவிட்டார்கள். பைல் கீழே எதன்மீதும் ஊன்றி நிற்பதில்லை. அதைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டிருக்கும் உறைந்த மண்ணின் பிடிதான் முழு எடையையும் தாங்குகிறது. கட்டடத்தின் சூடு கீழே இறங்காமலிருக்க, தரைக்கும் முதல் தளத்துக்கும் இடையே ஆள் குனிந்து போகும் அளவுக்கு வெற்றிடம் விட்டார்கள். குளிர்காலக் காற்று அதன் வழியே வீசி நிலத்தை மீண்டும் உறைய வைக்கும். வட சைபீரியாவின் நோரில்ஸ்க் நகரத்தில் மிகைல் கிம் என்ற பொறியாளரின் முயற்சியால் இந்த முறை பரவலாகி, ஒன்பது மாடிக் குடியிருப்புகள் கூட எழுந்தன. உண்மையிலேயே பெரும் பொறியியல் சாதனை அது.

ஆனால் அதன் கணக்கு முழுவதும் நிலம் குறிப்பிட்ட அளவு குளிராகவே இருக்கும் என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. உறைந்த மண்ணின் வலிமை பூஜ்யத்தைத் தொடும்போது திடீரென்று மறைவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயே மண்துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் இருக்கும். வெப்பநிலை உயர உயர அந்தப் படலம் தடிக்கும். மைனஸ் நான்கில் இருந்த மண் மைனஸ் ஒன்றுக்கு வந்தால், அது இன்னும் உறைந்துதான் இருக்கிறது, எதுவும் உருகவில்லை, ஆனாலும் பைலைப் பற்றும் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிட்டிருக்கும். நிலம் உருகும்வரை கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று எண்ணுவது அதனால் தவறு. ஆழமான பைல் உதவும், காலத்தை நீட்டித்துத் தரும். ஆனால் அது விடுதலை அல்ல.

இதற்கும் மேல் பராமரிப்பு. நோரில்ஸ்கிலும் யாகூட்ஸ்கிலும் விரிசல்விட்ட குடியிருப்புகளின் கதையைப் பார்த்தால், அடித்தள வெற்றிடத்தில் ஆண்டுக்கணக்கில் கசிந்த வெந்நீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. சூடான தண்ணீர் பைலின் காலடியில் தேங்கினால் எந்தக் காலநிலையிலும் அந்த நிலம் இளகத்தான் செய்யும். சில இடங்களில் வெற்றிடத்தை அடைத்துக் கடையாகவும் கிடங்காகவும் மாற்றினார்கள். பனி வாரிக் குவித்துக் காற்றோட்டத்தை மறித்தார்கள். பனிக்குவியல் குளிரைக் கீழே விடாமல் காக்கும் போர்வை என்பதால் அதுவும் நிலத்தைச் சூடாகவே வைத்திருக்கும்.

2020 மே 29 அன்று நோரில்ஸ்க் அனல் மின்நிலையத்தில் டீசல் தொட்டி ஒன்று சரிந்து 20,000 டன்னுக்கும் மேற்பட்ட டீசல் வெளியேறியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதில் பெரும்பகுதி அம்பர்னயா ஆற்றில் கலந்து ஆறு சிவந்தது. தொட்டியைத் தாங்கிய தூண்கள் இறங்கியதற்கு உறைநிலம் இளகியதே காரணம் என்று அதன் உரிமையாளரான நோர்நிக்கல் நிறுவனம் முதலில் சொன்னது; உலக ஊடகங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ரஷ்யாவின் தொழில்துறைக் கண்காணிப்பு அமைப்பு பின்னர் நடத்திய விசாரணை, வடிவமைப்புப் பிழைகளையும் கட்டுமானக் குறைகளையும் பராமரிப்புக் குறைபாட்டையும் சுட்டியது. நீதிமன்றம் ஏறத்தாழ 14,600 கோடி ரூபிள் இழப்பீடு விதித்து, 2021-இல் அது செலுத்தப்பட்டது. நிலம் சூடேறுவது உண்மை. ஆனால் நிலம் சூடேறுவது பல ஆண்டுகளாகத் தெரிந்த உண்மையும்கூட. தெரிந்த ஆபத்தை அளக்காமல் விட்டுவிட்டுப் பிறகு காலநிலையைக் காரணம் காட்டுவதை நாம் ஏற்கக் கூடாது. 2023-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி ஆர்க்டிக் உறைநிலத்தின் மேல் அபாயகரமான பொருள்களைக் கையாளும் அல்லது சேமிக்கும் தொழில்துறை இடங்கள் ஏறத்தாழ 4,500 இருக்கின்றன. எண்ணெய்க்காகத் துளையிட்டபோது வந்த கழிவுச் சேற்றைக் குழிவெட்டி ஊற்றி, உறைநிலம் அதைக் காலமெல்லாம் பிடித்துவைத்திருக்கும் என்று விட்டுச் சென்ற இடங்களும் உண்டு.

பணமும் கவனமும் இருந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1977-இல் இயங்கத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாயின் நீளம் ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர். சூடான எண்ணெய் ஓடும் குழாயைப் பனிக்கட்டி நிறைந்த மண்ணில் புதைக்க முடியாது என்பதால் அதன் பாதிக்கும் மேற்பட்ட நீளம் தரைக்கு மேலே தூண்களில் செல்கிறது. ஏறத்தாழ 78,000 தூண்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் தெர்மோசைஃபன் என்ற மூடிய குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அதற்குள் இருக்கும் அமோனியா, குளிர்காலத்தில் நிலத்தின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே போகிறது. உச்சியில் இருக்கும் உலோக இறகுகள் வழியே சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகி மீண்டும் கீழே வழிகிறது. கோடையில் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருப்பதால் சுழற்சி தானாகவே நின்றுவிடும். மின்சாரமோ மோட்டாரோ வேண்டாம். 2006-இல் லாசா வரை திறக்கப்பட்ட சிங்காய்–திபெத் ரயில்பாதையும் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உறைநிலத்தைக் கடக்கிறது. அங்கே இதே கருவியோடு, காற்று புகுந்து வெளியேறும்படி பெரிய கற்களை அடுக்கிய கரைகளையும், மிக மோசமான இடங்களில் தரையைத் தொடாமல் செல்லும் பாலங்களையும் பயன்படுத்தினார்கள். எண்ணெய் நிறுவனத்துக்கும் பேரரசுக்கும் இவை கட்டுப்படியாகும். முந்நூறு பேர் வாழும் ஓர் ஊருக்கு, ஒவ்வொரு வீட்டின் அடியிலும் இதைப் பொருத்தித் தர முன்வந்தவர்கள் மிகக் குறைவு.

அத்தகைய ஊர்களில் ஒன்று அலாஸ்காவின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள பாயின்ட் லே. இன்யூபியாக் மக்கள் வாழும் இந்த ஊர் பனிக்கட்டி ஆப்புகள் அடர்ந்த நிலத்தின் மேல் அமைந்திருக்கிறது. வீடுகளுக்கு அடியில் நிலம் இறங்கிவிட்டதால் முன்பு மண்ணுக்குள் இருந்த தூண்கள் வெளியே தெரிகின்றன. படிக்கட்டுகளுக்கும் தரைக்கும் இடைவெளி விழுகிறது. குழாய் இணைப்புகள் அறுபடுகின்றன. 2016-இல் ஊரின் குடிநீர் ஏரியின் கரையில் பனிக்கட்டி உருகி, ஏரியே வடிந்துபோனது. உறைநிலம்தான் அங்கே ஏரிகளுக்குத் தரை. அது ஓட்டையானால் தண்ணீர் நிற்காது. இன்னும் வடக்கே உட்கியாக்விக் நகரில் திமிங்கில இறைச்சியைச் சேமிக்க உறைநிலத்தில் குடைந்த நிலவறைகள் பல குடும்பங்களுக்குத் தலைமுறைச் சொத்து. அவற்றில் சில இப்போது நீர் புகுந்தோ சூடேறியோ பயன்படாமல் போயிருக்கின்றன. மின் உறைபெட்டி வாங்கினால் போதுமே என்று நினைக்கலாம். ஒரு திமிங்கிலத்தின் இறைச்சியை ஊருக்கெல்லாம் பங்கிட்டு ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் உணவு ஏற்பாட்டை, டீசலில் ஓடும் மின்சாரத்துக்கு ஆகும் செலவோடு வீட்டுப் பெட்டிகளுக்குள் அடக்கிவிட முடியாது.

சாக்கா மக்களின் இழப்பு வேறு வகையானது. உறைநிலம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இளகி உருவான வட்டமான புல்வெளித் தாழ்நிலங்களை அவர்கள் அலாஸ் என்கிறார்கள். மாடும் குதிரையும் வளர்க்கும் அவர்களுடைய வாழ்வு அந்தப் புல்வெளிகளைச் சுற்றியே அமைந்தது. இயற்கையாக உருவாக நெடுங்காலம் பிடித்த அந்தப் பள்ளங்களின் தொடக்கநிலை இப்போது வயல்களிலும் வீட்டு முற்றங்களிலும் தோன்றுகிறது. சுராப்சா என்ற ஊரின் பழைய விமான ஓடுதளம் மேடும் பள்ளமுமாகிப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்த முடியாமல் கிடக்கிறது. உழுத நிலம் குமிழ் குமிழாக எழுந்து நிற்கும்போது டிராக்டர் ஓட்ட முடியாது, புல்லறுக்கவும் முடியாது.

இனி நியூடாக் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கு அலாஸ்காவில் நிங்லிக் ஆற்றங்கரையில் இருந்த யூப்பிக் மக்களின் ஊர் அது. அந்த மக்கள் முன்பு ஓரிடத்தில் நிலையாக இருந்தவர்கள் அல்லர்; மீன்பிடிக் காலத்தில் ஓரிடம், குளிர்காலத்தில் வேறிடம் என்று பருவத்துக்கேற்ப இடம் மாறினார்கள். கூட்டாட்சி அரசின் பழங்குடியினர் துறை 1950-களில் அங்கே பள்ளி கட்டியது. கட்டுமானப் பொருள்களை ஏற்றிய படகு ஆற்றில் எவ்வளவு தூரம் மேலேறி வர முடியுமோ அந்த இடம்தான் ஊருக்கான இடமாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதால் குடும்பங்கள் அங்கேயே தங்கின. நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று எவரும் பார்த்திருக்கவில்லை. உறைநிலக் கரை இளக இளக ஆறு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் என்ற கணக்கில் ஊரை நோக்கி வந்தது. கடற்கரையில் முன்பெல்லாம் இலையுதிர் காலத்திலேயே உறைந்து அலையைத் தடுத்த கடற்பனி இப்போது தாமதமாக வருவதால் புயலலைகள் நேராகக் கரையில் மோதின. குப்பைக் கிடங்கு ஆற்றில் போயிற்று, படகுத்துறை போயிற்று, கழிவுநீர் தேங்கி ஊருக்குள் வந்தது.

ஊர்மக்கள் தாங்களே இடம் தேடினார்கள். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் நெல்சன் தீவில் எரிமலைப் பாறையின் மேல் அமைந்த மெர்டார்விக்கைத் தேர்ந்து, 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு நிலப் பரிமாற்றம் செய்துகொண்டார்கள். அதன் பிறகுதான் உண்மையான தடை வந்தது. ஓர் ஊரை முழுவதுமாக இடம் மாற்றும் பொறுப்பு எந்த ஓர் அரசுத் துறையிடமும் இல்லை. பள்ளி கட்டும் துறை, மக்கள் இல்லாத இடத்தில் பள்ளி கட்ட முடியாது என்கிறது; பள்ளி இல்லாத இடத்துக்கு மக்கள் போக முடியாது. பேரிடர் நிவாரணம் கேட்டு விண்ணப்பித்தபோது 2017 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. ஒரு புயல், ஒரு வெள்ளம் என்று நாள் குறிக்கக்கூடிய நிகழ்வையே சட்டம் பேரிடராக ஏற்கிறது. இருபது ஆண்டுகளாகக் கரைந்துகொண்டிருக்கும் கரைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2018-இல் நாடாளுமன்றம் ஒதுக்கிய ஒன்றரைக் கோடி டாலரோடு வீடுகள் எழத் தொடங்கி, 2019-இல் முதல் குடும்பங்களும் 2024 இலையுதிர் காலத்தில் மீதமிருந்தவர்களும் மெர்டார்விக் சேர்ந்தார்கள். இடைப்பட்ட ஐந்தாண்டுகள் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. புதிய ஊரிலும் வீடுகளின் தரம், குடிநீர், கழிவுநீர் வசதி ஆகியவை பற்றிய குறைகள் எழுந்திருக்கின்றன. இருந்தும் அமெரிக்காவில் காலநிலையால் இடம்பெயர்ந்த ஊர்களில் முன்மாதிரி என்று சொல்லப்படுவது இதுதான். 2003-இலேயே அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், அலாஸ்காவின் 213 பழங்குடி ஊர்களில் 184 ஊர்கள் வெள்ளத்தாலோ அரிப்பாலோ பாதிக்கப்படுவதாகத் தெரிவித்திருந்தது. அலாஸ்காவில் ஒரு மணல்தீவின் மேல் அமைந்த ஷிஷ்மரெஃப் ஊர்மக்கள் 2002-இலும் 2016-இலும் இடம்பெயர வாக்களித்தும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஓர் அரசு தன் வசதிக்காக ஒரு மக்களை ஓரிடத்தில் நிறுத்தியது என்றால், அந்த இடம் போகும்போது மாற்றிடம் தருவது கருணை அல்ல, கடன் என்பதே என் உறுதியான கருத்து.

நோய் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. 2016 கோடையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் ஆந்த்ராக்ஸ் பரவி 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன. நெனெட்ஸ் மேய்ச்சல் குடும்பத்தைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் இறந்தான். வழக்கத்துக்கு மாறான வெயிலில் இளகிய நிலத்திலிருந்து பழைய நோய்க்கிருமி வித்துகள் வெளிப்பட்டதே காரணமாகக் கருதப்படுகிறது. அங்கே 1941-க்குப் பிறகு அந்நோய் தோன்றாததால் கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவது 2007-இல் நிறுத்தப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிகழ்வுக்குப் பின் தடுப்பூசி மீண்டும் தொடங்கப்பட்டது. பல்லாயிரம் ஆண்டு பழைய வைரஸ் எழுந்து உலகை அழிக்கும் என்ற பரபரப்பைவிட, இந்தச் சாதாரணமான தடுப்பூசிப் பட்டியல்தான் அங்குள்ள மேய்ப்பர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

உறைநிலத்தில் அடைபட்டிருக்கும் கரிமம் வளிமண்டலத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. இளகும் மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் மீத்தேனாகவும் வெளியிடுகின்றன. அது ஒரே நாளில் வெடித்துக் கிளம்பும் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவதில்லை. பல பத்தாண்டுகளில், நூற்றாண்டுகளில் கசிந்து வரும், நாம் குறைக்க முயலும் உமிழ்வோடு கூடுதலாகச் சேரும். அந்தப் பொருள் தனியே விரிவாக எழுத வேண்டியது என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

இதன் பரப்பு எவ்வளவு என்பதைப் பார்ப்போம். ஆர்க்டிக்கைச் சுற்றிய உறைநிலப் பகுதியில் 1,162 குடியிருப்புகளும் ஏறத்தாழ 50 லட்சம் மக்களும் இருப்பதாக 2021-இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. அவர்களில் 33 லட்சம் பேர் 2050-க்குள் உறைநிலம் சிதைந்து மறையக்கூடிய இடங்களில் வாழ்கிறார்கள். அப்பகுதியின் முக்கியக் கட்டமைப்புகளில் 30 முதல் 50 விழுக்காடு வரை அதே காலத்தில் உயர் ஆபத்தில் இருக்கும் என்பது 2022-இல் வந்த மற்றோர் ஆய்வின் முடிவு. ஆனால் இத்தகைய எண்கள் பெரிய கட்டங்களாகப் பிரித்த வரைபடத்திலிருந்து வருபவை. குறிப்பிட்ட ஒரு தெருவின் அடியில் ஆப்பு இருக்கிறதா இல்லையா என்பதை அவை சொல்லமாட்டா. அதற்கு அந்தத் தெருவில் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். வெப்பமானிக் கம்பியை இறக்கி ஆண்டுக்கணக்கில் அளவு பார்க்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை, எண்ணெய்த் தொட்டி எதைக் கட்டுவதானாலும் முதல் செலவு இதுவாகவே இருக்க வேண்டும் என்று அத்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மொத்தக் கட்டுமானச் செலவில் அது சிறு பங்கே.

உலக உறைநிலத்தில் பெரும்பங்கு ரஷ்யாவில் இருக்கிறது. அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைநிலமே. உக்ரைன் மீதான 2022 படையெடுப்புக்குப் பிறகு ரஷ்யா உட்பட ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்து இயங்கும் ஆர்க்டிக் மன்றத்தின் பணிகள் தடைபட்டன. மேற்கு நாடுகளின் ஆய்வாளர்களுக்கும் ரஷ்ய ஆய்வாளர்களுக்கும் இடையிலான தரவுப் பரிமாற்றம் பெருமளவு நின்றுபோனது. யாகூட்ஸ்கில் உள்ள மெல்னிகோவ் உறைநில ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தொகுத்த அளவீடுகள் அலாஸ்காவிலும் கனடாவிலும் உள்ள பொறியாளர்களுக்குத் தேவை. அவர்களுடையவை யாகூட்ஸ்குக்குத் தேவை. போரைக் கண்டிப்பதும் அதற்காகத் தடை விதிப்பதும் அரசுகளின் உரிமை. துளைகளில் எடுத்த வெப்ப அளவுகளை மட்டுமாவது அந்தத் தடையிலிருந்து விலக்கி, இரு தரப்பும் பகிர்ந்துகொள்ள வழி செய்ய வேண்டும். விடுபட்ட ஆண்டின் அளவைப் பிற்பாடு எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான பைல்களின் நீளத்தையும் எண்ணிக்கையையும் பொறியாளர்கள் அந்த அளவுகளைக் கொண்டுதான் தீர்மானிக்கிறார்கள்.